இரண்டு பக்கமும் தைத்த மடிப்போர்வை

போன வாரம் புஷ்பா கைப்பேசியில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். ஈப்போவில் நான் கடைசியாக வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவள் இன்னும் மிஸ்ஸியாக இருக்கிறாள். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"சவரி அண்ணே, ஆன்லைன்ல வாங்கிப் போட்ட மடிப்போர்வை எல்லாம் ஒரு மாசத்துலயே ரோசாக் ஆயிடுச்சு லா. ஜிப்பு கையோட வருது. நாங்களே தைக்கலாம்னு இருக்கோம். நீங்க தச்சதோட அளவு, மாதிரி எல்லாம் எழுதி அனுப்புறீங்களா?"

அளவு எழுத இரண்டு நிமிடம் போதும். நீளம், அகலம், பஞ்சின் கனம். எழுதிவிட்டு எழுந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். புந்தோங் கடைத்தெருவரை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். மறுபடி உட்கார்ந்து எழுதியதைப் படித்தேன். அதில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் அனுப்பினால் புஷ்பாவை ஏமாற்றியதாகிவிடும் என்று தோன்றியது. நான்கு நாளாக இப்படித்தான் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் தையல்காரன். இருபது வருடத்துக்கு மேல் ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கடையில் கால்சட்டை தைத்தேன். ஆயத்த உடைகள் வந்தபின் கடை மூடியது. முதியோர் இல்லத்தில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையும் ஒரு பழைய தையல் இயந்திரமும் கொடுத்தார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி சிஸ்டர் பரமேஸ்வரி. யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். மலேசியாவில், இங்கே பேராக்கிலேயே பிறந்து வளர்ந்தவர்தான், ஆனாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. உயரமானவர். எப்போதும் இடது கையில் ஒரு நீலக் கோப்பு இருக்கும். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. படுக்கையில் கிடக்கிறவர் யாராக இருந்தாலும், நினைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்றுதான் பேசுவார். துப்புரவு செய்கிற பெண்ணுக்கும் அதே மரியாதைதான். ஆனால் வேலையில் பிழை கண்டால் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பொருளை நம் முன்னால் வைத்துவிட்டு நிற்பார். நாமே கண்டுபிடித்துச் சொல்லும்வரை நகரமாட்டார். திட்டிவிட்டுப் போனால்கூடத் தேவலை என்று இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு நாள் என்னை வார்டுக்குள் அழைத்துப் போனார். "இவையளின்ர கையைப் பாருங்கோ, சவரி" என்றார்.

மறதி நோய் முற்றினவர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இருந்தார். ஒருவர் விரிப்பின் ஓரத்தில் நூலை உருவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மூக்குக் குழாயை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்தார். அப்படிக் கட்டுவது சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. தொட்டுப் பார்க்கவும் இழுக்கவும் திறக்கவும் ஏதாவது தைத்து மடியில் போட்டால் கை அமைதியாகும் என்று எங்கோ படித்திருந்தார். அப்படித்தான் மடிப்போர்வை ஆரம்பித்தது.

முதலாவதை மூன்று நாளில் தைத்தேன். வண்ண வண்ணமாக எட்டுப் பொத்தான், ஒரு ஜிப்பு, பட்டுப் புடவைக் கரை, பூப்போட்ட பாத்தேக் துணி. கல்யாண மேடை மாதிரி இருந்தது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் மடியில் போட்டோம். அரை மணி நேரம் அழகாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பொத்தானைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார். மூச்சடைத்து முகம் கறுத்துவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து விரலை விட்டு எடுத்தார்.

அன்று மத்தியானம் அந்தப் பொத்தானை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே நின்றார். நான், "நூல் பத்தல, சிஸ்டர்" என்றேன். அவர் நகரவில்லை. "பொத்தானே வச்சிருக்கக் கூடாது" என்றேன். அப்போதுதான் தலையாட்டினார். போர்வையை எடுத்து, மீதி ஏழு பொத்தானில் ஒன்றைத் தன் வாய்க்குள் வைத்து, பல்லால் கடித்து இழுத்தார். பொத்தான் அறுந்து வந்தது.

"உங்கட பல்லுக்கு வாறது எல்லாம் அவைக்கும் வரும். முதல்ல நீங்கள் கடிச்சுப் பாருங்கோ."

அதிலிருந்து நான் தைத்த ஒவ்வொரு போர்வையையும் கடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். என் முன்பல்லில் ஒரு சில்லு போனது அப்படித்தான்.

புஷ்பா, இதைக் கவனமாகப் படி. ஜிப்பின் உலோகக் காதை வெட்டிவிட்டுத் துணி வளையம் போடு. ஓடுகிற தலை கழன்று வராதபடி ஜிப்பின் இரண்டு முனையையும் தைத்து அடைத்துவிடு. தையல் மூன்று வரி. மூலைகளை வட்டமாக வெட்டு. போர்வை முழங்காலைத் தாண்டித் தொங்கினால் சக்கர நாற்காலியில் மாட்டும். எந்த நாடாவும் ஒரு சாணைத் தாண்டக் கூடாது. கழுத்தைச் சுற்றி வந்துவிடும். பூப்போட்ட துணி வேண்டாம். ஒரு சீனப் பாட்டி பாத்தேக் பூவைப் பறிக்கப் பார்த்து, பறிக்க வராமல் அழுதிருக்கிறார். பளபளக்கிற கறுப்பும் வேண்டாம். குழி என்று நினைத்துக் கையை இழுத்துக்கொள்வார்கள். கொதிநீரில் துவைத்து, மறுபடி கடித்துப் பார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, ஐம்பது அறுபது போர்வை தைத்து முடித்து, எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் வீராயி அம்மா வந்தார்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சிறு வயதிலிருந்தே மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்துவிட, மகளோடு கமுந்திங் வந்து, பிறகு மறதி முற்றி எங்களிடம் வந்தார். மெலிந்த உடம்பு. வலது கைக் கட்டைவிரல் நகத்தால் இடது முன்கைத் தோலைக் கிள்ளி, உரித்து உரித்து இழுப்பார். புண் ஆற விடமாட்டார். கட்டுப் போட்டால் கட்டையும் உரிப்பார். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கைக்கும் உறை மாட்டிக் கட்டிவிடச் சொன்னார்.

சிஸ்டர் என் அறைக்கு வந்தார். "ஞாயிற்றுக்கிழமை மகள் வாறா. அதுக்குப் பிறகு உறைதான் போடவேணும். ஏதாவது செய்ய ஏலுமோ?"

அன்று செவ்வாய். கையில் இருந்த நாலு விதப் போர்வையையும் கொடுத்துப் பார்த்தேன். ஜிப்பைத் தொடவில்லை. வெல்வெட்டைத் தள்ளிவிட்டார். புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்தேன். நகம் இடது பக்கம் மேலே தொடங்குகிறது. வலது பக்கம் கீழ்நோக்கிச் சாய்வாக இழுக்கிறது. முடிந்த இடத்தில் விரலால் எதையோ துடைக்கிறது. பிறகு உடம்பு கொஞ்சம் நகர்கிறது. மறுபடி மேலே, இடது பக்கத்திலிருந்து.

வியாழன் மத்தியானம் புரிந்தது. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நிரைக்கு, அவருக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, போய் இதே வேலையைச் செய்திருக்கிறேன். முந்தின நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கிற பாலை, மரத்தைச் சீவுவதற்கு முன் நூல் மாதிரி உரித்து எடுக்க வேண்டும். ஒட்டுப்பால் என்போம். உரித்து, பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்து நிமிர்த்தி வைத்து, அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். வீராயி அம்மா உரித்தது தன் தோலை இல்லை.

அன்று சாயங்காலமே தொடங்கி வெள்ளிக்கிழமை முடித்தேன். மரப்பட்டை மாதிரி வரிவரியாக இருக்கும் தடித்த காப்பித்தூள் நிறத் துணி. அதில் இடமிருந்து வலம் சாய்வாக ஆறு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் வெளிர்மஞ்சள் எலாஸ்டிக் பட்டை. அதன் அடியில் ஒட்டிப் பிரிகிற வெல்க்ரோ. பட்டையின் கீழ் முனையை மட்டும் மூன்று வரி தைத்துவிட்டேன். உரித்தால் சரசரவென்று பிரியும், கையோடு வராது. கோடு முடிகிற இடத்தில் மங்கு மாதிரி ஒரு அரைவட்டப் பை.

மடியில் வைத்தேன். வீராயி அம்மா தடவினார். நகம் மேலே போனது. முதல் பட்டை சரசரவென்று உரிந்தது. பையைத் துடைத்தார். இரண்டாவதற்குப் போனார். ஆறையும் முடித்தால் புஷ்பா ஒட்டிவிடுவாள். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

சனிக்கிழமை முழுதும் அந்த அம்மா தன் கையைத் தொடவே இல்லை. நான் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். டாக்டரே பாராட்டினார் என்று சிஸ்டர் சொன்னார். சாப்பாடு ஊட்டப் போன புஷ்பா மட்டும், "அண்ணே, நேத்துலருந்து வாயில ஒண்ணுமே போக மாட்டேங்குது. கரண்டிய தட்டி விடுறாங்க" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் தேவகி வந்தார். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. ஐம்பதைத் தாண்டியவர். கட்டில் அருகே வந்தவர் போர்வையைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். பட்டை உரிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"இத யாரு தச்சது?"

"நான்தாங்க" என்றேன், பெருமையோடு.

"எங்கம்மா வாழ்நாள் பூரா பால்மரம் வெட்டுனாங்க. மழையில, அட்டக் கடியில. அதுலருந்து வெளிய கூட்டிட்டு வரத்தான் நான் ஓவர் டைம் பாத்து வீடு வாங்குனேன். நீங்க அந்தக் காட்டத் தூக்கிட்டு வந்து மறுபடி அவங்க மடியில வச்சிருக்கீங்க."

"கை ஆறிடும்மா. பாருங்க, ரெண்டு நாளா..."

"கைய விடுங்கண்ணே. மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கண் அடுத்த பட்டைக்கும் அதற்கு அடுத்த பட்டைக்கும் ஓடியது. குனிந்து கேட்டேன். "வெயில் ஏறுது, வெயில் ஏறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் உறைந்துவிடும், அதற்குள் நிரையை முடிக்க வேண்டும். இரண்டு நாளாக அந்த அம்மா ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

தேவகி போர்வையை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நகம் முன்கைக்குப் போய்விட்டது. தேவகி அந்தக் கையைப் பிடித்தார். அம்மா இழுத்தார். மகள் விடவில்லை. அம்மா குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். காய்ந்திருந்த புண்ணிலிருந்து ரத்தம் கசிந்து தேவகியின் புறங்கையில் பட்டது. அவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். போர்வையைக் கொடுத்தேன். அவரே அதை அம்மாவின் மடியில் விரித்தார்.

பிறகு வராந்தாவில் போய் உட்கார்ந்தார். சிஸ்டரும் நானும் பின்னாலேயே போனோம். என்ன கேட்பதென்று தெரியாமல், "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அம்மா என்னம்மா செய்வாங்க?" என்றேன்.

"எனக்கு மத்தியான பள்ளிக்கூடம். அம்மா வந்ததும் சவுக்காரம் போட்டுக் கைய நல்லாக் கழுவுவாங்க. மோந்து பாத்து, பால் வாட போகலன்னா மறுபடி கழுவுவாங்க. அப்புறம் எனக்கு ரெட்ட சடை பின்னி விடுவாங்க. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவங்க உக்காந்து நான் பாத்திருக்கேன்."

அந்த வாரமே போர்வையின் பின்பக்கத்தைத் தைத்தேன். மெத்தென்ற பனியன் துணியைப் பெருவிரல் கனத்துக்குச் சுருட்டி, மும்மூன்று பிரியாக இரண்டு கொத்து. சடைக்கு நீளம் வேண்டும் என்று முதலில் இரண்டு சாண் வைத்தேன். சிஸ்டர் அதைத் தன் கழுத்தில் சுற்றிக் காட்டினார். ஒரு சாணாக வெட்டினேன். நாலு பின்னல் வரும். போதும்.

ஆனால் போர்வையைத் திருப்ப வீராயி அம்மா விடவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டார். வேலை முடியவில்லையே. தேவகிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"கிராணி சொல்லணும்ணே. பால் நிறுத்து முடிச்சு, கிராணி போகச் சொன்னாத்தான் வீட்டுக்குப் போவாங்க. அதுவரைக்கும் நின்னுட்டேதான் இருப்பாங்க."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அதை அப்படியே சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்தார், மூடினார். "என்ர அப்பா கிராணிதான்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்ன முதல் பேச்சு அது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். "அம்மா, வேலை முடிஞ்சுது. வீட்டை போங்கோ." வீராயி அம்மா நிமிரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வந்து நின்றவர் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கோப்பைப் பட்டென்று மூடினார்.

"ஏய், வீராயி. பால் சரி. போ."

அந்தக் குரல் அவருடையது இல்லை. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். வீராயி அம்மாவின் கை அப்படியே நின்றது. பட்டையை விட்டார். தலை குனிந்து, "சரிங்கய்யா" என்றார். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. நான் போர்வையைத் திருப்பினேன், அவர் தடுக்கவில்லை. புஷ்பா தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்தாள். கழுவினார், மோந்து பார்த்தார், மறுபடி கழுவினார். பிறகு பின்ன ஆரம்பித்தார். புஷ்பா ஊட்டிய சோற்றை முழுதும் சாப்பிட்டார்.

சிஸ்டர் வெளியே குழாயடியில் நின்று தன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

அடுத்த ஞாயிறு தேவகி சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டார். வாசலிலேயே சிஸ்டரின் அந்தக் குரல் காதில் விழுந்திருக்கிறது. நேரே சிஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"எங்கம்மாவ 'ஏய்'னு கூப்பிடுறீங்க."

"ஓம். கூப்பிடுறன்." சிஸ்டர் பார்வையைத் திருப்பவில்லை. "மரியாதையாச் சொல்லிப் பாத்தன். அவவுக்கு விளங்கேல்லை. கிராணியா இருந்த என்ர அப்பா எப்பிடிச் சொல்லுவாரோ அப்பிடிச் சொன்னாத்தான் விளங்குது. நீங்கள் வேண்டாமெண்டால் நான் இண்டைக்கே விடுறன்."

தேவகி திரும்பினார். அம்மாவிடம் போனார். வீராயி அம்மா கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, "வா, மணி அடிச்சிருவாங்க" என்றார். தேவகி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து முதுகைத் திருப்பினார். அவருக்குக் கழுத்தளவு வெட்டிய முடி. அம்மாவின் விரல் வகிடு எடுத்தது, பிரித்தது, கீழே தேடியது. முடி பத்தவில்லை. இரண்டு தரம் தேடிவிட்டு, விரல் போர்வைக்கே திரும்பிப் போய்விட்டது.

தேவகி எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது. சிஸ்டரைத் தாண்டிப் போகும்போது, "சொல்லுங்க சிஸ்டர். சாப்பிடுறாங்கல்ல, சொல்லுங்க" என்றார்.

எட்டு மாதம் சிஸ்டர் அதைச் சொன்னார். விடுப்பு நாளிலும் பன்னிரண்டு மணிக்குக் காரில் வந்து, சொல்லிவிட்டுப் போவார். புஷ்பா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள், நானும் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வாயில் அது வரவில்லை. வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதும் இல்லை. நாங்கள் செய்தது சரிதானா என்று அந்த எட்டு மாதத்தில் நான் பலமுறை கேட்டுக்கொண்டேன். கை ஆறியது. சோறு இறங்கியது. ஆனால் அதற்காகத் தினமும் காலையில் அந்த அம்மாவை நிரைக்கு அனுப்பினோம், மத்தியானம் 'ஏய்' என்று விரட்டினோம். இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான்கு நாள் இப்படி அலைந்திருக்கமாட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய், வீராயி அம்மா அங்கேயே இறந்துபோனார். ஒரு வாரம் கழித்துத் தேவகி சாமான்களை எடுக்க வந்தார். துவைத்து மடித்து வைத்திருந்த போர்வையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"சடைப் பக்கம் மட்டும் குடுங்கண்ணே. இந்தப் பக்கம் எனக்கு வேணாம்."

மூன்று வரி தையல். கத்தரி முனையால் ஒவ்வொரு கண்ணியாகப் பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தேவகி எதிரே உட்கார்ந்து பிரிந்து விழுந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிரித்து முடித்ததும் சடைப் பக்கத்தைச் சுருட்டி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மரப்பட்டைப் பக்கம் மேசைமேல் கிடந்தது. பஞ்சு வெளியே வந்து, ஓரமெல்லாம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டு நின்றபோது சிஸ்டர் கதவருகில் வந்தார்.

"அதை எனக்குத் தாங்கோ, சவரி."

"இதையா? எதுக்கு, சிஸ்டர்?"

அவர் உள்ளே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "ஓரத்தை மடிச்சு அடிச்சுத் தாங்கோ. நான் நிக்கிறன்" என்றார்.

"நேரமாகும். முடிச்சு நானே கொண்டாந்து தாரேன்."

"இல்லை. நிக்கிறன்."

இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். பஞ்சை உள்ளே தள்ளி, நான்கு ஓரத்தையும் மடித்து, மூன்று வரி ஓட்டினேன். பக்கத்திலேயே நாற்காலி இருந்தது. நான் தைத்து முடித்து, சரி என்று சொல்லும்வரை சிஸ்டர் அதில் உட்காரவில்லை.